முக்குளிப்புச் சாதனங்கள்: இணையத்தில் வாங்குவதா, கடையில் வாங்குவதா?

பருவமழை ஓய்ந்து மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் மீண்டும் நிரம்பத் தொடங்கிவிடும். வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ஸ்கூபா முக்குளிப்பில் இன்று இந்திய இளைஞர்களையும் பார்க்க முடிகிறது. பட்டணத்தில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், தோட்டப்புறத்தில் வளர்ந்து இப்போது தொழிற்சாலைகளில் பணிபுரிபவர்கள் எனப் பலரும் மாதாமாதம் பணம் சேர்த்துப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

பயிற்சியை முடித்துச் சான்றிதழ் அட்டை கைக்கு வந்ததும் அடுத்து எழும் கேள்வி, சொந்தமாகச் சாதனம் வாங்கலாமா என்பதுதான். கைப்பேசியைத் திறந்தால் ஷோப்பி, லசாடா, வெளிநாட்டு இணையக் கடைகள் என எங்கும் கவர்ச்சியான விலைகள். அதே பொருள் பட்டணத்து முக்குளிப்புக் கடையில் சில நூறு வெள்ளி கூடுதலாக இருக்கிறது. சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தை எங்கே கொடுப்பது என்ற குழப்பம் இயல்பானதே.

சட்டையோ காலணியோ வாங்கினால் ஏமாற்றம் பணத்தோடு முடிந்துவிடும். இங்கே சில பொருள்களில் உயிரும் அடங்கியிருக்கிறது. அதனால் எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தண்ணீருக்கடியில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை எங்கே வாங்குவது என்பதும் தெளிவாகும்.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா?

தீவுகளில் உள்ள முக்குளிப்பு நிலையங்கள் எல்லாச் சாதனங்களையும் வாடகைக்குத் தருகின்றன. காற்றுத் தோம்பும் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியும் பெரும்பாலும் முக்குளிப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். தோம்பைச் சொந்தமாக வாங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை உட்புறச் சோதனை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை என்று செலவு தொடரும். ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ தீவுக்குப் போகிறவருக்கு அது வீண் சுமைதான்.

ஆகவே புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் மாஸ்க், அடுத்து ஃபின்ஸ் எனப்படும் துடுப்புக் காலணி, பிறகு முக்குளிப்புக் கணினி, தொடர்ந்து முக்குளிக்கப் போவது உறுதியான பின்னரே ரெகுலேட்டரும் மிதவைச் சட்டையும். இந்த வரிசையைப் பின்பற்றினால் பணமும் ஒரேயடியாகக் கரையாது. நான்கைந்து இடங்களில் வாடகைச் சாதனங்களைப் பயன்படுத்திப் பார்த்தால் தமக்கு எது ஒத்துவருகிறது என்பதும் புரிந்துவிடும்.

மாஸ்க்: முகம்தான் அளவுகோல்

முதலில் வாங்க வேண்டியதும் மாஸ்க்தான், இணையத்தில் வாங்கி அதிகம் ஏமாற வாய்ப்புள்ளதும் மாஸ்க்தான். விலை உயர்ந்த மாஸ்க் என்பதற்காக அது எல்லா முகத்துக்கும் பொருந்திவிடாது. கன்ன எலும்பு, நெற்றியின் அகலம், மூக்கின் வடிவம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒருவருக்குச் சொட்டுத் தண்ணீர்கூட விடாத மாஸ்க் அவருடைய தம்பிக்கு ஓயாமல் ஒழுகலாம்.

பொருத்தம் பார்ப்பது எளிது. மாஸ்க்கின் பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் மட்டும் வைத்து, மூக்கால் மெதுவாகக் காற்றை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் மாஸ்க் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பொருந்துகிறது என்று பொருள். எங்காவது காற்று புகுந்தால் கடலில் அதே இடத்தில் தண்ணீர் புகும். இந்தச் சோதனையைக் கைப்பேசித் திரையில் செய்ய முடியாது. கடையில் ஐந்தாறு மாஸ்க்கை வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

மீசை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூக்குக்குக் கீழே மாஸ்க்கின் விளிம்பு தோலில் படியாமல் மீசையில் உட்கார்ந்தால் தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டிய ஒரு மெல்லிய கோட்டை மட்டும் சிரைத்துக்கொள்வது முக்குளிப்பாளர்களிடையே உள்ள வழக்கம். கண்ணாடி அணிபவர்கள் மூக்குக்கண்ணாடியோடு மாஸ்க்கை அணிய முடியாது. பார்வைக் குறைவுக்கு ஏற்ற கண்ணாடியைப் பொருத்தும் வசதியுள்ள மாஸ்க்குகள் உண்டு. அதைக் கடையில் கேட்டு, பவர் எண்ணைச் சொல்லிப் பொருத்திக்கொள்வதே நல்லது.

கண்ணாடி உறுதியூட்டப்பட்டதாக இருக்க வேண்டும், விளிம்பு மென்மையான சிலிகோனால் ஆனதாக இருக்க வேண்டும். மலிவு விலையில் குவிந்து கிடக்கும் சில மாஸ்க்குகளின் விளிம்பு விறைப்பான பிளாஸ்டிக்காக இருக்கும். நீச்சல் குளத்துக்கு அது போதும், 18 மீட்டர் ஆழத்துக்குப் போதாது. முகம் முழுவதையும் மூடும் ஸ்நோர்கல் மாஸ்க் நீர்ப்பரப்பில் மிதந்தபடி பார்ப்பதற்கு மட்டுமே. அதை அணிந்துகொண்டு ஸ்கூபா முக்குளிக்கக் கூடாது.

ஃபின்ஸும் வெட்சூட்டும்

ஃபின்ஸ் இரு வகை. வெறுங்காலில் செருப்பைப் போல நுழைத்துக்கொள்வது ஒன்று. குதிகால் பக்கம் திறந்து, பட்டையால் இறுக்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வகைக்கு உள்ளே ரப்பர் காலுறை அணிய வேண்டும். காலுறையை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்ஸின் அளவைப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால் காலணி எண்ணை மட்டும் நம்பி இணையத்தில் வாங்கியவர்கள் விரல் நசுங்கியோ, நீந்தும்போது ஃபின்ஸ் கழன்றோ அவதிப்படுகிறார்கள்.

மலேசியக் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். பெரும்பாலோருக்கு 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் போதும். குளிர்நாட்டு இணையக் கடையில் தள்ளுபடி கிடைக்கிறதே என்று 5 அல்லது 7 மில்லிமீட்டர் வெட்சூட் வாங்கினால் உடம்பு வேகும். அதன் மிதப்பும் அதிகம் என்பதால் கூடுதல் ஈயக்கட்டியையும் சுமக்க நேரிடும். வெட்சூட் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் நெஞ்சை நெரிக்கக் கூடாது. போட்டுப் பார்க்காமல் இதைத் தீர்மானிப்பது கடினம். ஏற்கனவே போட்டுப் பார்த்த அதே நிறுவனத்தின் அதே மாதிரி, அதே அளவு இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் தயக்கமின்றி வாங்கலாம்.

ரெகுலேட்டர்: மூச்சு இதில்தான்

தோம்பில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் யாராலும் மூச்சு வாங்க முடியாது. ரெகுலேட்டரின் முதல் பகுதி தோம்பின் வாயில் பொருந்தி அழுத்தத்தைக் குறைக்கும். வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் பகுதி, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. இந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுத்து ஒவ்வொரு மூச்சுக்கும் தடங்கலின்றி வேலை செய்ய வேண்டிய கருவி அது.

அதன் உள்ளே ரப்பர் வளையங்கள், வில்கள், அடைப்பான்கள் உள்ளன. உப்பும் மணலும் காலமும் அவற்றைத் தேய்க்கும். அதனால்தான் தயாரிப்பு நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, அல்லது 100 முக்குளிப்புக்குப் பிறகோ சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. அதைச் செய்ய அந்நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் அசல் உதிரிப்பாகங்களும் வேண்டும்.

இணையத்தில் பெயர் தெரியாத ரெகுலேட்டரை வாங்கியவருக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பொருள் கைக்கு வந்த நாளில் நன்றாகவே வேலை செய்யலாம். ஓராண்டு கழித்து எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் “இதற்கு உதிரிப்பாகம் இல்லை” என்று கையை விரிப்பார்கள். புகழ்பெற்ற நிறுவனத்தின் பொருளாகவே இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கவில்லை என்றால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தை ஏற்பதில்லை. உதிரிப்பாகங்களை இலவசமாகத் தரும் சலுகையும் அத்தகையவருக்குக் கிடைக்காது.

ரெகுலேட்டரில் ஐரோப்பியத் தரமான இஎன் 250 குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. தொடர் எண் அழிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. அந்த எண் வெறும் அலங்காரம் அன்று. நிறுவனம் ஏதாவது கோளாறு கண்டுபிடித்துப் பொருளை மீட்டுக்கொள்ளும்போது, பதிவு செய்து வாங்கியவருக்குத்தான் தகவல் வரும். தோம்பின் அழுத்தத்தைக் கணினிக்கு அனுப்பும் சூந்தோ நிறுவனத்தின் கருவிகள் வெடிக்கும் அபாயம் உள்ளது என்று 2018-இல் மீட்டுக்கொள்ளப்பட்டதை முக்குளிப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நல்ல நிறுவனங்களிலும் கோளாறு வரும். அதை யார் வந்து சொல்வார்கள் என்பதே கேள்வி.

கைப்பம்பு தோம்பு எச்சரிக்கை

இணையத்தில் சில நூறு வெள்ளிக்கு விற்கப்படும் குட்டித் தோம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் அளவில், வாயில் கவ்வும் குழாயோடு, கையால் காற்றடிக்கும் பம்போடு வருகிறது. “பயிற்சி தேவையில்லை” என்று விளம்பரம் செய்கிறார்கள். குடும்பத்தோடு கடற்கரைக்கும் ஆற்றுக்கும் போகிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அரை லிட்டர் தோம்பில் 200 பார் காற்றடைத்தால் கிடைப்பது சுமார் 100 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறார் என்று கொண்டால் நீர்ப்பரப்பில் ஐந்து நிமிடம், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டரை நிமிடம். பதற்றத்தில் அதுவும் குறையும். முக்குளிப்பு நிலையங்களில் வழக்கமாகத் தரும் 11 லிட்டர் தோம்பில் 2,200 லிட்டர் காற்று இருக்கும்.

காற்று தீர்ந்துவிடுவது மட்டும் ஆபத்தன்று. தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரியும். 10 மீட்டரில் நிரப்பிய பலூன் மேலே வரும்போது இரு மடங்காவதைப் போன்றது அது. ஓரிரு மீட்டர் ஆழமே நுரையீரல் கிழியப் போதுமானது. மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். அந்தப் பாடம் படிக்காத பிள்ளையின் கையில் இந்தக் கருவியைக் கொடுக்கக் கூடாது.

உண்மையான விலை எவ்வளவு?

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்ட விலையுள்ள பொருள் என்றால் சுங்கத்துறையில் வரி கட்ட வேண்டியிருக்கும். திரையில் தெரியும் விலையோடு இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கணக்குக்காக ஒரு ரெகுலேட்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்க் கடையில் 1,800 வெள்ளி, வெளிநாட்டு இணையக் கடையில் 1,350 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 450 வெள்ளி. 10 விழுக்காடு வரி 135, அனுப்பும் செலவு 90 என்றால் மிச்சம் 225 வெள்ளி. முதல் சர்வீசில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய உதிரிப்பாகத்துக்கு 150 கொடுத்தால் மிஞ்சுவது 75 வெள்ளி. பொருளில் கோளாறு இருந்து ஒருமுறை திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்த 75-உம் போய்விடும். எண்கள் பொருளுக்குப் பொருள் மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

எதை இணையத்தில் வாங்கலாம்?

இணையம் என்றாலே ஏமாற்று என்பதும் சரியன்று. வலைப்பை, நீர்புகாப் பை, டார்ச் விளக்கு, மாஸ்க் பட்டையின் உறை, கண்ணாடியில் ஆவி படியாமல் தடுக்கும் மருந்து, ரப்பர் காலுறை போன்றவற்றை இணையத்தில் வாங்குவதால் பெரிய இழப்பு நேராது. தீபகற்பத்தின் உட்பகுதியில், அருகில் முக்குளிப்புக் கடையே இல்லாத இடங்களில் வாழ்பவர்களுக்கு இணையம் பெரிய வசதி. கடைகளில் எல்லா அளவும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

முக்குளிப்புக் கணினி நடுவில் நிற்கும் பொருள். உடம்பில் அளவு பார்க்க வேண்டியதில்லை என்பதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் இணையக் கடையில் வாங்கலாம். ஆனால் அதன் கையேட்டைப் படித்து, திரையில் வரும் ஒவ்வொரு எச்சரிக்கையும் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளாமல் கடலில் இறங்குவது வீண்.

நீர்ப்பரப்பில் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் நீண்ட சிவப்பு அல்லது மஞ்சள் மிதவை, விசில் ஆகியவற்றைப் பலர் வாங்குவதே இல்லை. 2022 ஏப்ரலில் ஜொகூர், மெர்சிங் கடலில் முக்குளித்த நால்வர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, அவர்களில் 14 வயதுச் சிறுவன் உயிரிழந்த துயரத்தை நாடே அறியும். திறந்த கடலில் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். குறைந்த விலைக்குக் கிடைக்கும் இந்த மிதவையை எங்கே வாங்கினாலும் சரி, வாங்கிவிட வேண்டும், பயிற்றுநரிடம் பயன்படுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர்கள் பக்கமும் குறை உண்டு

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் “இது இல்லாமல் முக்குளிக்கவே முடியாது” என்று விலை உயர்ந்த மாதிரிகளைத் தலையில் கட்டும் கடைகள் இல்லாமல் இல்லை. விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளுக்கு விலை ஒட்டியிருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். விலை ஒட்டாமல், ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவதே மேல். இணைய விலையைக் காட்டி “இதற்கு எவ்வளவு நெருங்கி வருவீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். விலையைக் குறைக்க முடியாத கடைகள் முதல் சர்வீசை இலவசமாகச் செய்து தரவோ, ஒரு காலுறையைச் சேர்த்துத் தரவோ சம்மதிக்கலாம்.

அதே வேளையில், கடையில் ஒரு மணி நேரம் மாஸ்க்கையும் வெட்சூட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே இணையத்தில் வாங்குவது நியாயமன்று. தோம்புக்குக் காற்றடைப்பதும் ரெகுலேட்டருக்குச் சர்வீஸ் செய்வதும் அந்தக் கடைகள்தாம். பட்டணத்தில் உள்ள ஒரே கடையும் மூடப்பட்டால் அவசரத்துக்கு ஓட இடமில்லை. பல உள்ளூர்க் கடைகள் தாங்களே இணையத்தில் விற்கின்றன. அவர்களிடம் இணையத்தில் வாங்கினால் இரு வசதியும் கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்

விற்பனையாளரின் நிறுவனப் பதிவு எண், முகவரி, தொலைபேசி எண், பொருளின் முழு விலை, அனுப்பும் கால அளவு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பொருள் கிடைத்ததாக வாங்குபவர் உறுதிசெய்யும்வரை பணத்தை நிறுத்திவைக்கும் முறை பெரிய இணைய வணிகத் தளங்களில் உண்டு. “தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் இன்னும் குறைவு” என்று விற்பவர் சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸ் படையின் செமாக் மியூல் தளத்தில் சோதிக்கலாம். ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நியாயமான காலத்துக்குப் பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று எழுதி ஒட்டியிருப்பதால் அந்த உரிமை போய்விடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு உள்நாட்டு வியாபாரியிடம் வாங்கியவருக்கே நடைமுறையில் பயன்படும். வெளிநாட்டில் இருக்கும் விற்பனையாளரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. கரோசெல், ஃபேஸ்புக் வழி தனிநபர் ஒருவரிடம் பழைய சாதனம் வாங்கினால் நடுவர் மன்றமும் உதவாது.

பழைய ரெகுலேட்டரோ மிதவைச் சட்டையோ வாங்குவது தவறில்லை. ஆனால் சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்வீஸ் முடிந்த பிறகு, நீச்சல் குளத்தில் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், முகத்திலும் உடம்பிலும் பொருந்த வேண்டியதைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். மூச்சுக்கும் மிதப்புக்கும் உரியதைச் சர்வீஸ் செய்து தரக்கூடியவரிடம் வாங்க வேண்டும். மற்றதை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். முழுச் சாதனத்துக்கும் கையில் பணம் இல்லையே என்று வருந்துவோர், பொருந்தும் ஒரு நல்ல மாஸ்க்கையும் ஒரு மிதவையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை நம்பகமான நிலையத்தில் வாடகைக்கு எடுக்கலாம். கடலுக்கடியில் பவளப்பாறையும் ஆமையும் பார்ப்பதற்கு அதுவே போதும்.